கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

அன்புள்ள கலா,

டயாலிசிஸ் பிரிவை விட்டு உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகப் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். உன் பொறுமைக்கு ஏற்ற வேலைதான். இங்கே சிங்கப்பூரில் எப்படிச் செய்கிறோம் என்று கேட்டிருந்தாய். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்கும் நாளை நினைத்துப் பயப்படாதே, அன்று சுற்றிலும் ஆள் இருக்கும். நோயாளி வீட்டுக்குப் போன பிறகுதான் நம் வேலை கூடும்.

முதலில் டாக்ரோலிமஸ், புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து. ரத்தம் எடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வர வேண்டும். இரண்டு வேளை போடுகிறவருக்கு, முந்தைய இரவு போட்டதிலிருந்து 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் நமக்குத் தேவை. 7 மணிக்குப் போட்டுவிட்டு 9 மணிக்கு ரத்தம் கொடுத்தால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். அதை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்தால், உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கலாம். பெரும்பாலும் வலி இராது, சிறுநீரும் வழக்கம்போல் போகும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் மட்டும் ரத்தத்தில் ஏறும். "மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆமாம் மிஸ்ஸி" என்பார்கள். "கடைசியா எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்று கேள். அந்த நேரத்தைப் பரிசோதனைச் சீட்டிலேயே எழுதிவிடு.

மருந்துப் பையையும் மேசையில் கொட்டிப் பார். புரோகிராஃப் இரண்டு வேளை, அட்வாகிராஃப் ஒரு வேளை. பெயர்தான் வேறு, இரண்டும் டாக்ரோலிமஸ்தான். மாற்றி எழுதிய பிறகும் பழைய அட்டை வீட்டில் கிடக்கும், இரண்டையும் போடுகிறவர்கள் உண்டு. பணிப்பெண் மாத்திரைப் பெட்டியை நிரப்பும் வீடு என்றால் அவரையும் கூட்டி வரச் சொல்.

அக்கம்பக்கத்து கிளினிக்கில் இருமலுக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு எகிறும். வயிற்றுப்போக்கிலும் ஏறும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை அடியோடு இறக்கிவிடும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, சிராங்கூன் ரோட்டு நாட்டு மருந்துப் பொடி, இரண்டும் வேண்டாம். சீனப் புத்தாண்டுக்கு முன்பே பொமெலோ (பம்பளிமாஸ்) பழமும் பச்சை மீன் போட்ட யூஷெங் சாலடும் கூடாது என்று சொல்லிவிடுவோம். தைப்பூச விரதம் சைவச் சாப்பாட்டோடு நின்றால் சரி. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடப்பதையும் அலகு குத்துவதையும் நான் கண்டிப்பாகத் தடுப்பேன். நோய் எதிர்ப்பைக் குறைத்து வைத்திருக்கும் உடம்பு அது.

சிறுநீரகம் கொடுப்பவரை மறந்துவிடாதே. இங்கே 2004இல் திருத்தப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உயிரோடிருப்பவர் தானம் செய்ய நெறிமுறைக் குழுவின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். காசுக்காகவோ வற்புறுத்தலாலோ கொடுக்கிறாரா என்று அந்தக் குழு பார்க்கும். அதற்கு முன்பே அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசு. மாமியாருக்குக் கொடுக்க வந்த மருமகள் பேசுவதைக் கணவன் மொழிபெயர்க்கக் கூடாது. வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதை அவள் காதில் நேராகப் போடு. கொடுத்த பிறகும் ஆண்டுதோறும் அவளுக்கு ரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். உடம்பு நன்றாக இருப்பதாலேயே அவர்கள் வராமல் நின்றுவிடுவார்கள். நாம்தான் கூப்பிட வேண்டும்.

சேர்ந்ததும் உங்கள் ஆய்வகத்தில் டாக்ரோலிமஸ் முடிவு வர எவ்வளவு நேரமாகிறது என்று விசாரித்து எழுது. அன்றே வராது என்றால், மருந்தளவு மாறியதை மறுநாள் யார் போனில் சொல்வது என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடு.

அன்புடன்,
சாந்தி