சேப்பாக்கம் வரலாற்றுச் சுவர்: பணி நிறைவு அறிக்கை

மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கிழக்குத் தாழ்வாரத்தில் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின் வரலாற்றுப் பலகைகளை மாட்டும் பணி முடிந்தது. தணிக்கை செய்த வரவு-செலவுக் கணக்கு அலுவலகத்தில் உள்ளது. உறுப்பினர் எவரும் பார்க்கலாம்.

அதிக உழைப்பை வாங்கியது தகவல் சரிபார்ப்புதான். 'சென்னை டெஸ்ட்' என்றாலே சேப்பாக்கம் என்று எழுதிவிடும் பழக்கம் பல பட்டியல்களில் இருக்கிறது. 1956 முதல் 1965 வரை இந்நகரின் டெஸ்ட் ஆட்டங்கள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது இன்று நேரு ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் நடந்தன. 1967 பொங்கல் சமயம் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோதுதான் டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. ஆகவே 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஜோடியாகச் சேர்த்த 413 ரன்னுக்கு நம் சுவரில் இடமில்லை. அந்த ஆட்டத்தில் மன்கட் எடுத்த, இந்தியர் ஒருவரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோராக நீடித்த 231 ரன்னை 1983 டிசம்பரில் முந்திய காவஸ்கரின் ஆட்டமிழக்காத 236 சேப்பாக்கத்தில் வந்தது. பழைய சாதனை ஒரு மைதானத்தில், அதை முறியடித்தது அதே ஊரின் இன்னொரு மைதானத்தில். குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

மன்கட்டுக்குப் பெரிய பலகை உண்டு. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை இன்னிங்ஸ், 8 ரன் வித்தியாசத்தில் வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில்தான். அதில் அவர் சாய்த்தது 12 விக்கெட்: 8/55, 4/53. 1934 பிப்ரவரியில் இங்கு நடந்த முதல் டெஸ்ட், அதே ஆண்டு நவம்பர் 4 அன்று தொடங்கி அன்றே முடிந்த முதல் ரஞ்சி ஆட்டம் (மதராஸ்–மைசூர்), 1988 டெஸ்டில் சுழற்பந்து வீச்சாளர் ஹிர்வானியின் 16 விக்கெட் ஆகியவற்றுக்குச் சிறிய பலகைகள். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் ரன் சமமாகி முடிந்த 'டை' டெஸ்டுக்கு முழு ஸ்கோர்கார்டு: இலக்கு 348, கடைசி ஓவரின் 5ஆம் பந்தில் மேத்யூஸ் வீச்சில் மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ.; இந்தியா 347.

கடற்காற்றில் ஃபிளெக்ஸ் தாங்காது. வெயிலில் நிறம் வெளுக்கும், ஓரம் சுருளும். அதனால் 4 மி.மீ. அலுமினியக் கலப்புத் தகட்டில் அச்சிட்டு, கண் கூசாதபடி மேட் லேமினேஷன் போட்டோம். சுவருக்கும் தகட்டுக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி இருக்கிறது. ஒட்டி மாட்டினால் மழைக்காலத்தில் சுவரின் ஈரம் பின்பக்கம் தங்கிவிடும். திருகுகள் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. அந்த எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும் என்பதால் ஒவ்வொரு திருகின் அடியிலும் நைலான் வாஷர் வைக்கப்பட்டுள்ளது.

தமிழ் அச்சில் இன்னொரு சிக்கல். யூனிகோடு எழுத்து அச்சகத்தின் பழைய மென்பொருளில் திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்துகளைக் கர்வாக (எழுத்துருவை நம்பாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிய கோப்பை மட்டுமே அனுப்பினோம். மாதிரி அச்சை இருவர் உரக்கப் படித்து, எண்களைத் தனியாக ஒப்பிட்ட பிறகே இறுதி அச்சுக்குப் போனது.

பராமரிப்பு: மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் உப்பைத் துடைத்தால் போதும். தின்னர், ஆசிட் எதுவும் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் திருகுகளின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். மாற்றுத் திருகும் வாஷரும் அலுவலக அலமாரியில் உள்ளன.

பணிக்குழு