கட்டடம் உன் பேரில் இருக்கிறது

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெரியகுளத்துக்காரர்கள் விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன். இப்போது அவசரம், மகளிர் விடுதிக்கு விட்டிருக்கும் நம் மதுரை சிம்மக்கல் கட்டடம்தான்.

தீயணைப்பு லைசென்ஸ் மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் புதுப்பிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். விடுதி நடத்துகிற அம்மா, "அது ஓனர் பார்க்க வேண்டியது சார்" என்று என் தலையில் கட்டப் பார்க்கிறார். 2014 சட்டப்படி மகளிர் விடுதி நடத்த கலெக்டரிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். அதற்கு இந்த லைசென்ஸும் வேண்டும் என்று நான் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். இருந்தாலும் கட்டடம் உன் பேரில் இருக்கிறது. ஏதாவது ஆனால் முதலில் கூப்பிடுவது உன்னைத்தான். போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணமும் கட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை தீயணைப்பு நிலைய அலுவலர் பார்வையிட வருகிறார். தீயணைப்பு சிலிண்டர்களை எல்லாம் இறக்கிப் பார்த்தோம். முள் பச்சையில் நின்றால் போதும் என்று வாட்ச்மேன் நினைத்துக்கொண்டிருக்கிறான். உள்ளே பவுடர் கட்டிபட்டுக் கிடந்தால் பச்சை என்ன செய்யும்? மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய பிரஷர் டெஸ்டும் இரண்டுக்குத் தவறியிருந்தது. அனுப்பிவிட்டேன்.

பின்பக்கப் படிக்கட்டுதான் எனக்குப் பெரிய கவலை. உடைந்த கட்டில், பழைய மெத்தை, யாரோ காலி செய்துபோன பெட்டிகள் என்று ஆள் நுழைய முடியவில்லை. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வேறு. பெண்பிள்ளைகள் பாதுகாப்புக்காம்! கட்ராபாளையத்தில் 2024 செப்டம்பரில் விடியுமுன் ஃபிரிட்ஜ் வெடித்துப் பற்றிய விடுதியை மறந்துவிட்டார்கள் போல. அன்றைக்கு இரண்டு பெண்கள் போனார்கள். 2020 தீபாவளியன்று விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் கட்டடம் இடிந்து இறந்தது உனக்கும் நினைவிருக்கும், அன்று ராத்திரி முழுக்க நீதான் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாய். பூட்டைக் கழற்றி உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கச் சொன்னேன். வெளியே போகிற வழியை அடைக்கக் கூடாது, செல்வி. எந்த வீடானாலும் சரி.

நம் குடும்பத்தில் சொந்தச் சம்பளத்தில் வங்கிக் கடனை அடைத்தது நீ ஒருத்திதான். நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அப்படிப்பட்டவள் ஒரு கையெழுத்துக்கு இத்தனை நாள் ஆக்கலாமா? அதிகாரக் கடிதம் போன வாரம்தான் வந்து சேர்ந்தது. பார்த்தேன். மாப்பிள்ளை பெயரும் ஜெயநகர் வீட்டு முகவரியும் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒரு பேயிங் கெஸ்ட் முகவரி இருந்தது. அலுவலக வேலையாகத் தங்கியிருப்பாய். சரி. அங்கேயும் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள். ராத்திரி போனைத் தலையணைக்கடியில் சார்ஜில் போட்டுத் தூங்காதே. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்றும் பார். குழந்தை உன்னோடுதானே இருக்கிறாள்? பள்ளிக்கூடம் அங்கிருந்து தூரமோ என்னவோ.

நம் வீட்டு மாடி முன்னறையை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். கொடுக்கவில்லை. பெயின்ட் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன், மின்விசிறியும் மாற்ற வேண்டும்.

லைசென்ஸ் வந்ததும் உனக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும். எந்த முகவரிக்கு என்று மட்டும் ஒரு வரி எழுது. அந்த அதிகாரக் கடிதத்தை அம்மாவிடம் நான் காட்டவில்லை.

அன்புடன்,
அப்பா