பாப்பாவுக்காக ஓடிய எல்லோருக்கும்

யாங்கோன் தாமுவே தெருக்காரர்களுக்கும் கோயில் சொந்தங்களுக்கும் வணக்கம்.

டைப் 1 சுகரால் (தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டிய நோய்) ஆஸ்பத்திரியில் கிடந்த பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். பட்ட பாடு உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லவில்லை. ரத்தத்தில் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கக் கோயிலில் வசூல் செய்து கொடுத்தவர்கள், நடுராத்திரியில் மருந்துக்கடையைத் தட்டித் திறக்கவைத்த தம்பிகள், ஊசி போடப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் அக்கா, ஆள்வழி மருந்து அனுப்பிய சிங்கப்பூர்ச் சித்தப்பா, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எதிர்வீட்டு பர்மாக்கார அமேயை (பர்மிய மொழியில் அம்மா) பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியே ஆகவேண்டும். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நேரம், கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்றே தெரியாது. சித்திரை வெயில் வேறு. இன்சுலின் சூட்டிலும் கெடும், ஐஸில் வைத்தால் உறைந்தும் கெடும். அமே தன் வாசலில் வழிப்போக்கர்களுக்காக வைத்திருந்த தண்ணீர்ப் பானைகளில் ஒன்றைக் கவிழ்த்து எடுத்து வந்தார். அதற்குள் மருந்து வைக்கச் சின்னப் பானையை இறக்கி, இடையில் மணல் கொட்டி நனைத்து, ஈரத்துணியால் மூடினார். நான் வேலைக்குப் போன பகலெல்லாம் அவரே வந்து மணலில் தண்ணீர் ஊற்றினார். திறந்த புட்டி 30 டிகிரிக்குள் இருந்தால் நான்கு வாரம் போலத் தாங்கும் என்று நர்ஸ் அக்கா சொல்லியிருந்தார். பானைக்குள் வைத்த தெர்மாமீட்டர் 29ஐத் தாண்டவே இல்லை. என்ன கைம்மாறு செய்வேன் என்று அழுதேன். "தாகத்துக்கு வைத்த பானைதானே, பிள்ளைக்கும் ஆகட்டும்" என்றார்.

சித்தப்பா தெருவில் ஒரு பையனுக்கும் இதே சுகர்தானாம். ராத்திரியில் சுகர் இறங்கினால், கையில் ஒட்டிய சென்சார் அவன் அம்மாவின் போனில் மணி அடிக்கும். நான் ஸ்ட்ரிப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறேன். சுகர் இறங்கினால் வேர்க்கும் என்பதால், ராத்திரி எழுந்து பாப்பாவின் நெற்றி வேர்க்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். 10 வயதில் இந்த நோய் கண்ட பிள்ளை பணக்கார நாட்டில் சராசரியாக இன்னும் 65 வருடம் இருக்கும், மிக ஏழை நாடுகளில் 13 வருடம்தான் என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள். அது நடந்து நூறு வருடம் ஆகியும் இப்படியா என்று வயிறு எரிகிறது.

சரி, என்னால் ஆவதைச் சொல்கிறேன். தமிழ் வீடோ பர்மிய வீடோ, ஒரு பிள்ளைக்கு இந்தச் சுகர் என்று தெரிந்தால் கோயில் பூசாரியிடம் சொல்லிவிடுங்கள். ஊசி போடக் காட்டித்தர, ராத்திரி கூட இருக்க நான் வருகிறேன். பாப்பாவுக்கு மிஞ்சுகிற ஸ்ட்ரிப் இருந்தால் அதுவும் அந்தப் பிள்ளைக்குத்தான்.