தடி ஜெர்கின் இனிமே நம்ம கடையில வைக்கறதில்ல, ஏன்னு சொல்றோம்

அன்பான கஸ்டமர்களுக்கு வணக்கம். டெல்லி முனிர்கா சைக்கிள் கடையிலேர்ந்து எழுதுறோம்.

கார்த்திகை பொறந்துட்டா போதும், கடைக்குள்ள காலு வைக்கிறவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணே நல்லா தடியா ஜெர்கின் இருக்கா, காலையில ஓட்ட முடியல, வெடவெடன்னு நடுங்குது". இந்த வருஷத்துலேர்ந்து அந்த பஞ்சு வெச்ச தடி ஜெர்கினை வாங்கி வைக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். குளிர்கால சரக்குல எங்களுக்கு நல்லா மிஞ்சறது அதுலதான், இருந்தாலும் வேணாம். அதை போட்டுக்கிட்டு ஓட்டுனவங்கதான் ஜாஸ்தி நடுங்கிப்போய் திரும்பி வர்றாங்க, பாதி பேரு அப்புறம் பங்குனி வரைக்கும் சைக்கிளையே மூலையில சாத்திடறாங்க. கவுண்டர்ல நின்னு ஒவ்வொருத்தருக்கும் பொறுமையா சொல்ல நேரம் இருக்கறதில்ல, அதான் இந்த மடல்.

டெல்லி குளிரு உங்களுக்கு புதுசா சொல்ல வேண்டியதில்ல. ஜனவரியில சஃப்தர்ஜங் வானிலை நிலையத்துல விடியக்காலம் சாதாரணமாவே 7, 8 டிகிரிதான், 2021 ஜனவரி 1ஆம் தேதி 1.1 வரைக்கும் இறங்குச்சு. ஆனா சைக்கிள்ல போறவருக்கு தெர்மாமீட்டர் காட்டற குளிரு வேற, உடம்புல படற குளிரு வேற. 5 டிகிரியில காத்தே இல்லாத தெருவுல நீங்க 25 கிலோமீட்டர் வேகத்துல போனா, அந்த வேகமே எதிர்காத்து ஆகிடும், தோலுக்கு அது 1 டிகிரி மாதிரி தெரியும். அதனால முதல் எதிரி காத்துதான். காத்தை நிறுத்தறதுக்கு தடிமன் தேவையே இல்ல, காத்து புகாத மெல்லிசு துணி ஒண்ணு முன்பக்கம் இருந்தா போதும்.

ரெண்டாவது எதிரி வேர்வை. நீங்க மிதிக்கறதுக்கு உடம்பு செலவு பண்ற சக்தியில கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்குதான் பெடலுக்கு போகுது, மீதி பூரா சூடாதான் வெளிய வருது, அதனால பத்து பதினஞ்சு நிமிஷத்துல உள்ள ஹீட்டர் போட்ட மாதிரி ஆகிடும். தடி ஜெர்கினுக்குள்ள அந்த சூடும் வேர்வையும் வெளிய போக வழியில்லாம உள்ளயே தங்கி பனியன் தொப்பலா நனைஞ்சிடும். நனைஞ்ச துணி உடம்புல ஒட்டுனா என்ன ஆகும்னா, தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டை கடத்தும், சிக்னல்ல ஒரு நிமிஷம் நின்னாலே முதுகுல ஐஸ் வெச்ச மாதிரி இருக்கும். நிறைய பேரு அதை "ஜெர்கின் பத்தல"ன்னு நினைச்சு அடுத்த நாள் உள்ள இன்னொரு ஸ்வெட்டரை போட்டுக்கறாங்க, இன்னும் வேர்க்குது, இன்னும் குளுருது.

சரி அப்ப என்ன போடறதுன்னா, உடம்பை ஒட்டி காட்டன் பனியன் கூடவே கூடாது. திருப்பூர் காட்டன் பனியன் சித்திரை வெயிலுக்கு அமிர்தம், மார்கழியில சைக்கிளுக்கு ஆகாது, தண்ணியை குடிச்சிட்டு விடவே விடாது. அதுக்கு பதிலா வீட்ல பசங்க போடற பாலியஸ்டர் கிரிக்கெட் ஜெர்சி இருக்கு பாருங்க, உடம்பை ஒட்டுன சைஸ்ல இருந்தா அதுவே போதும். வசதி இருக்கறவங்க மெரினோ கம்பளி இன்னர் வாங்கிக்கலாம், அது நனைஞ்சாலும் கதகதப்பா இருக்கும், நாத்தமும் சீக்கிரத்துல வராது. அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃப்ளீஸ் ஸ்வெட்டர். இதுக்கு எங்ககிட்ட வரணும்னு இல்ல, சரோஜினி நகர்ல சல்லிசா கிடைக்கும், உள்பக்கம் புசுபுசுன்னு இருக்கான்னு மட்டும் தடவிப் பாத்து வாங்குங்க. எல்லாத்துக்கும் மேல காத்து புகாத விண்ட்சீட்டர், முன்பக்கம் அடைப்பா, முதுகுலயும் அக்குள்லயும் காத்து வெளிய போற மாதிரி. இந்த கடைசி ஒண்ணைத்தான் நாங்க நல்லதா தேடி எடுத்து வெச்சிருக்கோம், மடிச்சா முதுகு பாக்கெட்ல அடங்கிடும்.

வாங்க முடியலன்னா நியூஸ்பேப்பர். நிஜமாத்தான் சொல்றோம். டூர் டி ஃபிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலை உச்சியில ஜனங்க நீட்டுன பேப்பரை வாங்கி நெஞ்சுல சொருகிக்கிட்டுதான் அந்தக்கால வீரர்கள் கீழ எறங்குவாங்க. ரெண்டு மூணு ஷீட்டை மடிச்சு ஜெர்சிக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவுல நெஞ்சுலேர்ந்து வயிறு வரைக்கும் வெச்சுப் பாருங்க, குர்கான் ஃபரிதாபாத் ரோட்டுல ஏத்தம் முடிஞ்சு இறக்கத்துல போறப்ப வித்தியாசம் தெரியும். ஏறும்போது ஜிப்பை திறந்து விடுங்க, இறங்கறதுக்கு முன்னாடியே மூடிடுங்க, குளுர ஆரம்பிச்சப்புறம் மூடுனா லேட்டு.

ஒரு சின்ன அளவுகோல் சொல்றோம். வாசல்ல நிக்கும்போது கொஞ்சம் குளுரணும். கேட்டு கிட்டயே சுகமா கதகதன்னு இருந்துச்சுன்னா நீங்க ஜாஸ்தி போட்டிருக்கீங்கன்னு அர்த்தம், ஒண்ணை கழட்டி வெச்சுட்டு கிளம்புங்க.

இப்ப கை. இதுலதான் எங்களுக்கு நிறைய சொல்றதுக்கு இருக்கு, ஏன்னா டெல்லியில காலையில சைக்கிள் ஓட்டறதை விட்டுடறவங்க நிறைய பேரு விரல் குளிரு தாங்காமதான் விடறாங்க. உடம்பு குளிரை உணர்ந்த உடனே நடு உடம்பை காப்பாத்தறதுக்காக கை கால் நுனிக்கு போற ரத்தத்தை குறைச்சிடும். காலாவது மிதிக்குது, கை ஹேண்டில்ல அசையாம காத்துக்கு நேரா நிக்குது. அதனால கை குளுருதுன்னா முதல்ல நெஞ்சுல காத்து படுதான்னு பாருங்க, நடு உடம்பு சூடா இருந்தாதான் விரலுக்கு ரத்தம் வரும். அடுத்தது கிளவுஸ். ஃபுட்பாத்ல விக்கிற கம்பளி கிளவுஸ் வழியா காத்து அப்படியே ஊடுருவும், அதை உள்ள போட்டு மேல காத்து புகாத ஒண்ணு போட்டாதான் பிரயோஜனம். கடைக்கு வந்து கிளவுஸ் பாக்கும்போது சும்மா கையில மாட்டி விரிச்சுப் பாத்துட்டு போயிடாதீங்க. நாங்க ஒரு ஹேண்டில்பார் தனியா மாட்டி வெச்சிருக்கோம், அதை பிடிங்க, ரெண்டு விரலால பிரேக்கை அழுத்துங்க. விரல் நுனி துணியை முட்டக்கூடாது, ஒரு நெல்லு அளவுக்காவது இடம் இருக்கணும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற தோல் இழுபடக்கூடாது. டைட்டா இருந்தா ரத்தமும் போகாது, உள்ள நிக்கற சூடான காத்துக்கும் இடம் இருக்காது. மணிக்கட்டு வெளிய தெரியக்கூடாது, ஸ்வெட்டர் கையை கிளவுஸ் மூடணும். ரொம்ப குளுருதுன்னா ஸ்கூட்டர்காரங்க ஹேண்டில்ல மாட்டறாங்களே ரெக்சின் உறை, அதுல சைக்கிள் சைஸ் இருக்கு, பாக்க அழகா இருக்காதுதான், ஆனா அதுக்குள்ள மெல்லிசு கிளவுஸே போதும், பிரேக்கும் கியரும் நல்லா கைக்கு தெரியும்.

கால்ல நிறைய பேரு ரெண்டு சாக்ஸ் போடறாங்க, வேணாம். ஷூ இறுகிப்போச்சுன்னா ஒரு சாக்ஸ் போட்டதை விட மோசமா குளுரும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், விரலை உள்ள ஆட்ட முடியணும். சைக்கிள் ஷூன்னா முன்னாடி காத்து போற ஓட்டை இருக்கும், அடியிலயும் ஓட்டை இருக்கும், உள்ளேர்ந்து டேப் ஒட்டிடுங்க. பால் கவரை கழுவி காய வெச்சு விரல் மட்டும் மூடற மாதிரி சாக்ஸுக்கு மேல போட்டு ஷூவை மாட்டுனா குறைஞ்ச தூரத்துக்கு நல்லாவே தாங்கும்.

மங்கி குல்லாவை ஹெல்மெட்டுக்குள்ள போடாதீங்க, ஹெல்மெட் மேல தூக்கிக்கிட்டு நிக்கும், விழுந்தா காப்பாத்தாது. காதை மூடற மெல்லிசு குல்லா போதும், கழுத்துக்கு பஃப், அதாவது குழாய் மாதிரி தலை வழியா மாட்டற துணி. மஃப்ளர் ஆகாது, நுனி பறந்து சக்கரத்துல மாட்டுனா ஆளே போயிடுவாரு. முட்டியை மூடுங்க, அங்க கொழுப்பும் கிடையாது ரத்தமும் கம்மி, அரை டிராயர் போட்டுக்கிட்டு ஓட்டிட்டு அப்புறம் முட்டி வலின்னு வர்ற இளவட்டங்களுக்கு இது.

நேரம் பத்தியும் ஒரு விஷயம். 5 மணிக்கு கிளம்புனா நேரம் ஆக ஆக குளிரு குறையும்னு நினைப்போம், உண்மையில சூரியன் வர்ற நேரம்தான் அன்னிக்கு உச்ச குளிரு. ஜனவரியில இங்க சூரியன் வர்றதே ஏழேகாலுக்கு. அதனால ஆறரைக்கு கிளவுஸை கழட்டாதீங்க. ஆபீஸ் அவசரம் இல்லாத நாள்ல 8 மணிக்கு மேல கிளம்பறது எவ்வளவோ மேல். மார்கழியில மலை மந்திர் முருகன் கோயிலுக்கு விடியறதுக்கு முன்னாடியே சைக்கிள்ல போறவங்க இருக்காங்க, அவங்களுக்கு முன்னாடி பின்னாடி லைட்டு கட்டாயம், கணுக்காலுக்கு மினுங்கற பட்டை கட்டுங்க, கால் மேல கீழ போறதால பின்னாடி வர்ற வண்டிக்காரருக்கு இது சைக்கிள்னு சட்டுன்னு புரியும். குளிருல பேட்டரி சீக்கிரம் இறங்கும், ராத்திரியே ஃபுல்லா சார்ஜ் போடுங்க. பத்தடி தள்ளி எதுவும் தெரியாத பனிமூட்டம்னா எந்த லைட்டும் உங்களை காப்பாத்தாது, அன்னிக்கு வண்டியை எடுக்காதீங்க.

காத்து மாசை காட்டற ஏக்யூஐ 300க்கு மேல போன நாள்லயும் அப்படித்தான். ஓட்டும்போது மூச்சு பல மடங்கு வாங்குவோம், அந்த புகை பூரா உள்ளதான் போகும். வீட்டுக்குள்ள டிரெய்னர்ல, அதாவது சைக்கிளை நின்ன இடத்துலயே மிதிக்க வைக்கற ஸ்டாண்டுல, மாட்டி மிதிங்க, டிரெய்னர் வாங்க வசதி இல்லன்னா வாடகைக்கு தர்றோம்.

அப்புறம் டீக்கடை. பாதி நடுக்கம் ரோட்டுல வர்றதில்ல, டீக்கடை பெஞ்சுல வருது. மிதிக்கறதை நிறுத்துன உடனே உள்ள இருந்த ஹீட்டரும் நின்னு போச்சு, ஆனா ஈரம் மட்டும் உடம்புல அப்படியே இருக்கு, அதோட அரை மணி நேரம் அரட்டை அடிச்சா என்ன ஆகும். ஒரு பாலித்தீன் கவர்ல காஞ்ச பனியன் ஒண்ணு, இந்த இடத்துல காட்டனா இருந்தாலும் பரவால்ல, முதுகுல சொருகிக்கிட்டு போங்க, நிறுத்துன உடனே மாத்திட்டு விண்ட்சீட்டரை மேல போட்டுட்டு அப்புறம் டீ சொல்லுங்க. தாகம் எடுக்கலன்னு தண்ணி குடிக்காம இருக்காதீங்க, குளிருல தாகம் தெரியாது, தண்ணி போய்க்கிட்டுதான் இருக்கும், ஃப்ளாஸ்க்ல சுக்கு வெந்நி எடுத்துட்டு போறவங்களை பாத்தா எங்களுக்கு சந்தோஷமா இருக்கும். உதட்டுக்கு வாஸ்லின்தான் வசதி, தேங்கா எண்ணெய் சீசாவுல கல்லா உறைஞ்சு கிடக்கும், அந்த நேரத்துல உருக்கிக்கிட்டு இருக்க முடியாது.

பிரஷர் மருந்து, நெஞ்சு மருந்து எடுக்கற பெரியவங்க, ஆஸ்துமா இருக்கறவங்க தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க. குளிருல ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். வீட்டுக்குள்ளயே பத்து நிமிஷம் கை காலை அசைச்சு சூடு பண்ணிட்டு, முதல் ரெண்டு கிலோமீட்டர் மெதுவா போங்க.

வண்டிக்கும் ஒண்ணு. மத்தியானம் 25 டிகிரியில டயருக்கு 80 பிஎஸ்ஐ காத்து அடிச்சீங்கன்னா விடியக்காலம் 5 டிகிரியில அது 74 கிட்ட வந்துடும். பஞ்சர்னு நினைச்சு ட்யூப் மாத்தாதீங்க, பம்பை எடுத்து செக் பண்ணுங்க.

போன வருஷம் எங்ககிட்ட தடி ஜெர்கின் வாங்கி ரெண்டு தடவைக்கு மேல போடாம வெச்சிருக்கறவங்க எடுத்துட்டு வாங்க, பில் இல்லன்னாலும் பரவால்ல. பாதி விலையை விண்ட்சீட்டர்லயோ கிளவுஸ்லயோ கழிச்சுக்கறோம், வாங்குன ஜெர்கினை நைட்டு வாட்ச்மேன் வேலை பாக்கறவங்களுக்கு கொடுத்துடப் போறோம், ஒரே இடத்துல உக்காந்து ராத்திரியை ஓட்டறவங்களுக்கு அது நல்ல துணி. தை மாசம் முடியற வரைக்கும் இது உண்டு. திங்கள் லீவு, மத்த நாள் 11 மணிக்கு கடை திறந்திருக்கும், கிளவுஸ் பாக்க வர்றவங்க நீங்க நிஜமா ஓட்டும்போது போடற ஸ்வெட்டரை போட்டுக்கிட்டே வாங்க.