கீழே இருந்த தெரு எங்கே போனது?

பழைய ஹாலிவுட் படங்களை எங்கள் வீட்டுத் திரைக்குக் கொண்டுவரும் ஓடிடி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பழைய படங்கள் மேலும் கீழும் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன என்று நான் எழுதிய மூன்று மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே பதில்: டிவியின் செட்டிங்ஸைச் சரிபார்க்கவும். சரிபார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு டிவியிலும் மகளின் போனிலும்கூடப் பார்த்துவிட்டேன். படத்தை வெட்டியது டிவி இல்லை, நீங்கள்தான். அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

என் அப்பாவுக்கு 82 வயது. ஆறு வருடமாகக் காது கேட்பதில்லை, மெஷின் வைத்தும் பலனில்லை. டிவியில் எது ஓடினாலும் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பார். அவரும் நாங்களும் சரிசமமாக உட்கார்ந்து பார்க்க முடிவது மௌனப் படங்களை மட்டும்தான். அதற்காகவே ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹெரால்ட் லாயிட் நடித்த 'சேஃப்டி லாஸ்ட்' போட்டோம். 1923-இல் வந்த படம். உயரமான கட்டடத்தில் கடிகார முள்ளைப் பிடித்துக்கொண்டு அவர் தொங்கும் காட்சி உங்களுக்குத் தெரியாததா? அதன் உயிரே அவர் காலுக்குக் கீழே ஊர்ந்து போகும் கார்களில்தான் இருக்கிறது. அந்த ஆழம் தெரிய வேண்டும் என்றே லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு நிஜக் கட்டடத்தின் மொட்டைமாடியில் செட்டுச் சுவர் எழுப்பி, பின்னால் தெரு தெரியும்படி கேமராவை வைத்தார்கள்.

நீங்களோ அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று படத்தை மேலும் கீழும் நறுக்கிவிட்டீர்கள். அகலமும் உயரமும் 4:3 விகிதத்தில் இருக்கும் படத்தை 16:9 ஆக்கினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். தெரு போயிற்று. அப்பா என்னைப் பார்த்து, "இவன் எதுக்கு இப்படிப் பயப்படுறான்? குதிச்சிட வேண்டியதுதானே?" என்றார். நோட்டை எடுத்து, 'கீழே தெரு இருக்குப்பா' என்று எழுதிக் காட்டினேன். காட்சிகளுக்கு நடுவே வரும் வசன அட்டைகளுக்கும் இதே கதிதான். மூன்று வரி இருந்த இடத்தில் நடுவரி மட்டும் மிச்சம்.

அந்த மனிதர் எந்தக் கையோடு தொங்கினார் என்று யோசித்தீர்களா? 1919-இல் போட்டோ எடுப்பதற்காக அவர் கையில் பிடித்திருந்த போலிக் குண்டு நிஜமாகவே வெடித்து, வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. செயற்கை விரல் வைத்த கையுறையை மாட்டிக்கொண்டுதான் பிறகு நடித்தார். தூரக் காட்சிகளில் வேறு ஆள் ஏறினார்தான், கீழே மெத்தையும் இருந்ததுதான். ஆனாலும் முகம் தெரிய அந்தக் கடிகாரத்தில் தொங்கியவர் லாயிட்.

முழுப் படத்தையும் காட்டுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும்.

இந்த ஒரு படத்தோடு போகவில்லை. பஸ்டர் கீட்டன் ஒரு வீட்டின் முன்சுவரே தன் மேல் சாய, அசையாமல் நின்றவர். தலை முதல் கால் வரை தெரிந்தால்தான் ஏமாற்றில்லை என்று ரசிகன் நம்புவான். சாப்ளினுக்கோ பாதி நடிப்பு ஷூவில். முழங்காலோடு வெட்டிய சாப்ளினை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?

அமெரிக்க மௌனப் படங்களில் முக்கால்வாசி அழிந்தே போயின. நடிகை தீடா பாரா சுமார் நாற்பது படங்கள் நடித்தும் இன்று மிஞ்சியதைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். 1937-இல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது அவர் படங்களும் சேர்ந்து போயின. நெருப்பு விட்டுவைத்ததில் கால் பங்கு உங்களுக்கு என்று ஏதாவது கணக்கா? அப்படியானால் என் சந்தாவிலும் கால் பங்கை நறுக்கித் திருப்பி அனுப்பலாமே.

மன்னிக்கவும், கேட்க வந்தது பணம் இல்லை. தயவுசெய்து அந்தப் படங்களை முழு அளவில் மறுபடி ஏற்றுங்கள். ஏற்றியதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், அப்பாவுக்குக் கடிகாரக் காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டும். பதிலில் செட்டிங்ஸ் என்ற சொல் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்