கொட்டகையைத் திறந்துவிட்டேன்

பொங்கலூர்
தை 20

அன்புள்ள துரை,

உனக்குப் பேரன் பிறந்த செய்தியை வாத்தியார் வீட்டில் கேட்டு மூன்று மாதம் ஆகியும் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டேன். அதற்காக நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். தாயும் பிள்ளையும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தோம். இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

கம்பெனி தரும் பிராய்லர் குஞ்சுகளைக் கூலிக்கு வளர்த்துக் கொடுக்கும் தொழிலைப் பதினோரு ஆண்டுகள் செய்துவிட்டு இப்போது நிறுத்திவிட்டேன். இதைக் கேட்டதும், "ஊசிக்கோழிக்காரன் திருந்திவிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லப்போகிறவன் நீதான் என்பதால், பிராய்லர் கோழி ஊசி போட்டுத்தான் இவ்வளவு வேகமாக வளர்கிறது என்று நீ சொல்ல, நான் மறுக்க, இத்தனை ஆண்டுகளாக நமக்குள் நடக்கும் அந்த வழக்கையே முதலில் தீர்த்துவிடுகிறேன். வளர்ச்சிக்கென்று என் கொட்டகையில் ஓர் ஊசிகூடப் போட்டதில்லை. ஐயாயிரம் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால், வளர்ப்புக் கூலி ஊசிக்காரருக்கே போதாது. வேகம் முழுவதும், வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கும் இனத்தேர்வில் இருக்கிறது. கனடாவில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கறிக்கோழி வகைகளை ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்துப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் முதல் வகை 905 கிராமும், இரண்டாவது 1,808 கிராமும், மூன்றாவது 4,202 கிராமும் இருந்தன. தீவனத்தில் மாற்றமில்லை, மாறியது கோழிதான்.

நிறுத்தியதற்குக் காரணமும் அதுவே. கடைசி பேட்ச்சில் 38ஆம் நாள் விடியற்காலை தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போனபோது, குழாய்க்கு நான்கடி தள்ளி ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். நெஞ்சில் இறகு தேய்ந்து, தரையில் பரப்பிய தேங்காய் நார்க்கழிவின் ஈரம் பட்டுத் தோல் சிவந்திருந்தது. கீழே விட்டதும் மூன்று அடி வைத்தது. கால்கள் இருபக்கமும் விரிய மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் அதன் கண்ணெதிரே சொட்டிக்கொண்டிருந்தது. எடையில் குறையில்லை, இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது. நாற்பது கிராம் குஞ்சு நாற்பது நாளில் ஐம்பது மடங்காகும்போது, கறி வளரும் வேகத்துக்கு எலும்பும் இதயமும் நுரையீரலும் ஈடுகொடுப்பதில்லை. வயிற்றில் நீர் கோத்துச் சாவதும், நன்றாகத் தின்றுகொண்டிருந்த கோழி இறகைப் படபடவென்று அடித்து மல்லாந்து விழுவதும் எனக்குப் பழகிப்போன காட்சிகள். இவற்றைக் காற்றோட்டக் குறை என்றும் வெயில் என்றும் எழுதிக் கணக்கு முடித்திருக்கிறேன். காற்றோட்டத்தை நான் சரிசெய்யலாம். அந்த உடம்பில் எழுதிவைத்த வேகத்தை எந்தப் பராமரிப்பாலும் மாற்ற முடியாது. கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று மத்திய அரசு 2019இல் தடை செய்தபோதே, இத்தனை மருந்தின் துணையில் நிற்கும் வளர்ப்பு எப்படி நல்ல வளர்ப்பாகும் என்று யோசித்திருக்க வேண்டும். கடன் இருந்தது, யோசிக்கவில்லை.

இப்போது தென்னந்தோப்பில் வலை கட்டி, சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகளை வளர்க்கிறேன். இரவு அடைய மட்டும் பழைய கொட்டகையின் ஒரு பகுதி. காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் அத்தனையும் வெளியே பாய்ந்துவிடும். கம்பும் உடைத்த மக்காச்சோளமும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து காலையிலும் மாலையிலும் வைக்கிறேன். பசுந்தீவனமாக வேலிமசாலைக் கட்டித் தொங்கவிடுகிறேன். பானையில் சாணமும் ஓலைத்தூளும் போட்டு ஈரமாக்கிக் கவிழ்த்துவைத்தால் மறுநாள் கரையான் கிடைக்கிறது. அதே 38 நாள் வயதில் இதன் குஞ்சு கால் கிலோகூடத் தேறாது. ஆனால் முருங்கையின் தாழ்ந்த கிளைக்குத் தானே பறந்து ஏறிவிடுகிறது. அதை முதன்முதல் பார்த்த அன்று மாலை வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஆயினும் எல்லாம் நல்லபடியாக நடந்துவிடவில்லை. நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்று யாரோ சொன்னதை நம்பி முதல் தொகுதிக்குத் தடுப்பூசி போடவில்லை. வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோய் வந்தது. கழுத்து திருகிப்போய், பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, 120இல் 64 ஒரே வாரத்தில் போய்விட்டன. சின்ன வெங்காயமும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தபடி அம்மா இரவெல்லாம் விழித்திருந்தார், நோய் கண்டதில் ஒன்றும் பிழைக்கவில்லை. மெதுவாக வளரும் கோழிக்கு உடல் வலு உண்டு, ஆனால் அந்த வைரஸுக்கு முன் வலு மட்டும் போதாது. இப்போது முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடியும் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி என்று ஒரு நாள் தவறாமல் போடுகிறேன். ஆம், ஊசிதான், இதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொள்.

என் மனத்தை அரிக்கும் கவலை வேறு. ஒரு கோழி ஒன்றேகால் கிலோ ஆக ஐந்து மாதம் ஆகிறது. ஒரு கிலோ எடைக்கு ஆகும் தீவனமோ பிராய்லரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். என் பெரிய மகன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கிராஸ் என்ற கலப்பினக் குஞ்சு இறக்கிப் பிராய்லர் தீவனம் போட்டுச் சீக்கிரமே நாட்டுக்கோழி என்று விற்றுவிடலாம், சந்தையில் பலரும் அதைத்தானே செய்கிறார்கள் என்றான். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு யோசித்தபோது, அவன் சொன்னதில் எனக்குத் தகாதது அந்தப் பொய்ப் பெயர் மட்டுமே என்று புரிந்தது. சிறுவிடை ஒன்றுதான் வழி என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. பிரான்சில் லேபிள் ரூஜ் என்ற முத்திரையோடு 1965 முதல் கோழிகளை விற்கிறார்கள். மெதுவாக வளரும் இனமாக இருக்க வேண்டும், வெளியில் மேய விட வேண்டும், 81 நாளுக்கு முன் அறுக்கக் கூடாது என்பது விதி. வாங்குகிறவனுக்கு அது என்ன கோழி என்று தெரியும். தெரிந்தேதான் கூடுதல் விலை கொடுக்கிறான். ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய வனராஜா இனத்தில் நூறு குஞ்சுகளைச் சித்திரையில் எடுத்து, இதே தோப்பில் மேய விட்டு, வனராஜா என்ற பெயரிலேயே விற்றுப் பார்ப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊர்க் கடைகளில் நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்பது எது, உயிர் எடைக்கு என்ன விலை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்து எழுது. உன்னை நம்பித்தான் கணக்குப் போட வேண்டும்.

பேரனுக்கு மொட்டையடிக்கக் குலதெய்வம் கோயிலுக்கு வரும்போது எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வரும் நாளை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடு. முந்தின இரவு அடையும்போதே சேவலைப் பிடித்துக் கொடாப்புக் கூடைக்குள் போட்டாக வேண்டும். விடிந்து கதவைத் திறந்துவிட்டால் அது புளியமரத்தில் ஏறிக்கொள்ளும், பிறகு இருட்டும்வரை நம் கைக்கு வராது.

அன்புடன்,
பழனிசாமி