அரை நாள் போதுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரச் சுற்றுலா இணைப்பில், திருகோணமலை நகருக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும், மிச்சத்தை நிலாவெளிக் கடற்கரையில் கழிக்கலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அரை நாளாவது தந்தாரே, மிக்க நன்றி.

பிரெட்ரிக் கோட்டை வாசலை அவர் காருக்குள் இருந்தபடியே கடந்திருப்பார் போலும். இறங்கியிருந்தால் வாசற் சுவரில் இரட்டை மீனும், குளக்கோட்ட மன்னன் கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் கல்வெட்டும் கண்ணில் பட்டிருக்கும். கோணேசர் கோவிலை இடித்த கல்லைக் கொண்டுதான் போர்த்துக்கேயர் அந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. கட்டுரையிலோ பிரெட்ரிக் கோட்டை ஆங்கிலேயர் கட்டியதாம்! அவர்கள் வைத்தது பெயர் மட்டும்தான். டச்பே கடற்கரையின் படத்துக்குக் கீழே 'உட்துறைமுகம்' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். ஒன்று ஊருக்குக் கிழக்கே, மற்றது மேற்கே. நடுவில் நாங்கள் குடியிருக்கிறோம்.

இது இன்று நேற்று வந்த மனக்குறை அல்ல. தெற்கே காலி நகரத்துக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு உங்கள் இணைப்பில் எப்போதும் முழுப்பக்கம். எங்கள் கோட்டை இன்னும் இராணுவ முகாம். மாலையில் டச்பேக்கு வருகிறவர்கள் மான்களைப் படம் எடுக்கிறார்கள், அதே மான்கள் குப்பையில் பொலித்தீன் தின்பதைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. சரி, அதை விடுவோம்.

கிண்ணியாப் பாலத்தில் நின்று செல்பி எடுக்கச் சொல்லியிருக்கிறார். 2009இல் அந்தப் பாலம் திறக்கும்வரை துறையடியில் பாதைக்கு, அதாவது ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்துக் கிடந்தவர்களை அவருக்குத் தெரியாது. நான் மூதூரில் பிறந்தவன். சுகமில்லாத அம்மாவை லாஞ்சில் ஏற்றிக் கொட்டியாரக் குடாவைக் கடந்து பட்டணம் கொண்டுவந்திருக்கிறேன். கடல் அடித்தால் லாஞ்ச் இல்லை, வைத்தியமும் இல்லை. பாலம் வந்த பிறகும் 2021இல் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தார்கள். அதைத் தாங்களே முதற்பக்கத்தில் போட்டீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் இன்னொன்று. எப்படி வருவது என்ற பகுதியில் வாடகைக் காரும் வேனும் இருக்கின்றன. ரயில் இல்லை. கல்ஓயாச் சந்தியிலிருந்து 1927இல் போட்ட தண்டவாளம் இங்கேதான் வந்து முடிகிறது. ஸ்டேஷனில் இறங்கினால் கடலுக்கு நடந்தே போகலாம். கொழும்பில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து இறங்குவது அங்கேதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இணைப்பில் அந்தப் படத்துக்குச் சரியான பெயரைப் போடுங்கள். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரயில் வரும் நேரத்தையும் விசாரித்து இரண்டு வரியில் சேருங்கள். இடம் போதாவிட்டால் நிலாவெளி விடுதி விளம்பரங்களில் ஒன்றைக் குறைக்கலாம்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
திருகோணமலை